கெடு தாண்டி வந்தவரும் முடித்தவரே

நெடுந்தூர டிரையத்லான் பந்தயங்களை நடத்துவோருக்கும் அவற்றுக்கு விதி வகுப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். ஒரே ஒரு கோரிக்கையோடு இந்த மடலை எழுதுகிறேன். 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 42.2 கிலோமீட்டர் ஓடியோ நடந்தோ முடிவுக்கோட்டைத் தாண்டிய ஒருவர், வழியில் எந்த விதியையும் மீறவில்லை என்றால், அவரை முடித்தவர் என்று உங்கள் பட்டியலில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு வந்தார் என்பதைப் பக்கத்திலேயே போடுங்கள். கெடு தாண்டி வந்தார் என்றால் அதையும் மறைக்காமல் போடுங்கள். 'முடிக்கவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் முடித்திருக்கிறார். நான் அங்கே நின்று பார்த்திருக்கிறேன்.

முடிவுக்கோட்டில் தன்னார்வலராக நிற்பவன் நான். வருகிறவர்களின் கணுக்காலில் கட்டியிருக்கும், நேரம் பதிய உதவும் சிப் பட்டையைக் கழற்றி வாங்குவது என் வேலை. முதலில் வருகிறவர்களின் காலும் எனக்குத் தெரியும், கடைசியில் வருகிறவர்களின் காலும் தெரியும். இந்த விஷயத்தில் பேச எனக்கு உரிமை உண்டென்றால் அது அந்த இடத்திலிருந்து வந்தது.

இந்த விளையாட்டு எப்படிப் பிறந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் ஒருமுறை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஓஹூ தீவில் 15 பேர் கடலில் இறங்கினார்கள். வைகீக்கி கடல் நீச்சல், தீவைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயம், ஹொனலூலு மராத்தான் என ஏற்கெனவே தனித்தனியாக நடந்துகொண்டிருந்த மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்துச் செய்தால் என்ன என்ற எண்ணத்தை முன்வைத்தவர்கள் ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் தம்பதி. 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 வினாடி ஆனது. ஒன்பதாவதாக வந்தவர் ஜான் காலின்ஸ். அவருக்கு ஆன நேரம் 17 மணி நேரத்தைவிட ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் அதிகம். அவருக்குப் பின்னாலும் மூவர் வந்தார்கள். கடைசி ஆள் வந்து சேர ஏறத்தாழ 21 மணி நேரம் ஆயிற்று.

பல பந்தயங்களில் இன்றுள்ள 17 மணி நேரக் கெடுவை அந்த நாளின் மேல் போட்டுப் பாருங்கள். இந்த விளையாட்டை உண்டாக்கியவரே 'முடிக்கவில்லை' பட்டியலுக்குப் போய்விடுவார். அன்று அப்படி யாரும் எழுதவில்லை. பன்னிரண்டு பேரையும் பன்னிரண்டு பேராகவே எண்ணினார்கள், இன்றுவரை அப்படித்தான் எண்ணுகிறோம். போட்டியாளர்களிடம் அன்று கொடுக்கப்பட்ட தாள்களில், இந்த மூன்று தூரங்களையும் கடந்துவிட்டு வாழ்நாள் முழுக்கப் பெருமை பேசிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. அந்தப் பெருமைக்கு விதித்த நிபந்தனை தூரம் ஒன்றுதான்.

பிறகு 1982 பிப்ரவரி. பந்தயம் அதற்குள் ஹவாயின் 'பெரிய தீவில்' உள்ள கோனாவுக்கு மாறியிருந்தது. பெண்களில் முன்னால் வந்துகொண்டிருந்த ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, கோட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது நிலைகுலைந்து விழுந்தார். எழுந்தார், விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டிப் போய் வென்றார். மாஸ் தவழ்ந்து வந்து 29 வினாடி பின்னால் கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த மக்கள் பேசியது தவழ்ந்து வந்தவரைப் பற்றித்தான். இந்த விளையாட்டுக்கு அன்றைக்குக் கிடைத்த பெயர்தான் இன்று உங்கள் நுழைவுக் கட்டணங்களுக்கு அடித்தளம். எப்பாடுபட்டாவது கோட்டைத் தொடுவதற்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை விற்றுத்தான் நாம் வளர்ந்தோம். 2017இல் கோனாவில் யான் ஃப்ரோடெனோ முதுகுவலியால் ஓட முடியாமல், அதற்கு முன் இருமுறை அதே இடத்தில் வென்ற மனிதர், நடந்து நடந்து வந்து சேர்ந்தபோது கூட்டம் எழுந்து நின்று வாழ்த்தியதும் இதனால்தான்.

கெடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே 'அப்படியானால் விடிய விடிய சாலையை மூடி வைப்பதா' என்று கேட்கிறார்கள். சாலை ஊருக்குச் சொந்தம். காவலர்கள் காலையிலிருந்து நிற்கிறார்கள். மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் ஓய்வு வேண்டும். தண்ணீரும் உப்பு மாத்திரையும் நீட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டும். நீச்சலுக்கான 2 மணி 20 நிமிடக் கெடுவில் ஒரு நிமிடம்கூடத் தளர்த்தக் கூடாது என்பதே என் கருத்து. களைத்துப்போனவரைத் தண்ணீரில் விட்டுவைப்பது கருணை ஆகாது. சைக்கிள் கெடுவும் அப்படித்தான். இருட்டிய பிறகு, மற்ற வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கிய சாலையில் ஒருவரை 40 கிலோமீட்டர் மிதிக்க விடுவது பொறுப்பற்ற செயல். அங்கே நிறுத்தப்பட்டவர்கள் மனம் உடைந்துதான் போவார்கள். ஆனாலும் அவர்கள் தூரத்தை முடிக்கவில்லை என்பது உண்மை, அப்படி எழுதுவதும் நியாயம். அவர்களில் யாரும் தங்களை முடித்தவர் என்று சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை.

நான் பேசுவது மிகச் சிலரைப் பற்றி. நீச்சல் கெடுவுக்குள் வந்தவர்கள், சைக்கிள் கெடுவுக்குள் வந்தவர்கள், ஓட்டத்தின் இடைநிலைக் கெடுகளுக்குள்ளும் வந்தவர்கள். கடைசி ஓரிரு கிலோமீட்டரில், நடைபாதை ஓரமாக வந்துகொண்டிருக்கும்போது மணி அடித்துவிடுகிறது. அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம்.

அப்படி வந்த ஒரு பெண்மணியைச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய வயது இருக்கும். கடிகாரத்தை நிறுத்திவிட்டார்கள், ஒலிபெருக்கி ஓய்ந்துவிட்டது, நேரம் பதியும் விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். இருட்டிலிருந்து அவர் வந்தார். தொப்பியின் விளிம்பில் வியர்வை காய்ந்து உப்பு வரிவரியாக வெளுத்திருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்ட உடம்பை நிமிர்த்திக்கொள்ள முயன்றபடியே கோடு இருந்த இடத்தைத் தாண்டினார். நான் குனிந்து சிப் பட்டையைப் பிரித்தேன். காலையிலிருந்து ஈரத்திலும் வெயிலிலும் கிடந்த பட்டை தோலில் பதிந்து, கழற்றியபோது சிவப்பாக ஒரு வளையம் தெரிந்தது. 'என் நேரத்தை எழுதிக்கொண்டீர்களா?' என்று கேட்டார். பதக்கம் எங்கே என்று அவர் கேட்கவில்லை. எழுத ஒன்றுமே இல்லை, கருவியைக் கழற்றிவிட்டார்கள் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் முடிவுப் பட்டியலில் அவர் பெயரைத் தேடினேன். நீச்சல் நேரம் இருந்தது. சைக்கிள் நேரம் இருந்தது. ஓட்டத்தில் பத்தாவது, இருபதாவது, முப்பதாவது, நாற்பதாவது கிலோமீட்டர் நேரங்கள் எல்லாம் இருந்தன. அதற்கு நேர் எதிரே, முடிக்கவில்லை என்று இருந்தது. முதல் மணி நேரத்திலேயே உடம்புக்கு முடியாமல் படகில் ஏறிக்கொண்டவருக்கும் அதே குறிதான். இருவரும் ஒன்றா? உங்கள் பட்டியல் ஒன்று என்கிறது.

ஜப்பானின் ஹிரோமு இனாடாவை எல்லோருக்கும் தெரியும். 2015இல், 82 வயதில், கோனாவில் நடந்த உலகப் போட்டியில் மொத்தம் 226 கிலோமீட்டரையும் கடந்து வந்தவர் சில வினாடிகளில் 17 மணி நேரக் கெடுவைத் தவறவிட்டார். 2018இல், 85 வயதில், 16 மணி 53 நிமிடம் 49 வினாடியில் முடித்து, அந்த உலகப் போட்டியை முடித்தவர்களிலேயே மிக மூத்தவர் ஆனார். 2018இன் சாதனை அவருக்கு உரியது, சந்தேகமே இல்லை. ஆனால் 2015இல் அந்தச் சாலையில் நடந்தது என்ன? 82 வயது மனிதர் ஒருவர் முழுத் தூரத்தையும் கடந்தார். அதைச் சொல்ல உங்கள் பட்டியலில் இடமே இல்லை. 'கெடுவுக்குப் பின் வந்தார்' என்று ஒரு வரி இருந்திருந்தால் 2018இன் பெருமை ஒரு துளியும் குறைந்திருக்காது. கூடத்தான் செய்திருக்கும்.

இனி என்னை உண்மையிலேயே உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

2014இல் ஃபுளோரிடா பந்தயத்தில் கடல் கொந்தளிப்பால் நீச்சல் ரத்தானது. சைக்கிளும் ஓட்டமும் முடித்தவர்கள் அனைவரும் முடித்தவர்கள் என்றே பதிவானார்கள். 2012இல் நியூசிலாந்தில் புயலால் பந்தயத்தையே பாதித் தூரமாகச் சுருக்கினார்கள். 2018இல் ஹாம்பர்க்கில் ஏரி நீரில் நீலப்பச்சைப் பாசி பெருகியதால் நீச்சலுக்குப் பதில் 6 கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். எல்லாம் சரியான முடிவுகள். உயிரைவிடப் பந்தயம் பெரிதில்லை. அந்த வீரர்கள் மேல் எனக்குப் பொறாமையும் இல்லை. இயற்கை குறுக்கிட்டதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களை முடித்தவர்கள் என்று சொன்னது பெருந்தன்மை.

அந்தப் பெருந்தன்மையை நடுவில் ஏன் வெட்டிவிடுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. ஒரு மீட்டர்கூட நீந்தாதவர் முடித்தவர். முழுவதும் நீந்தி, முழுவதும் மிதித்து, முழுவதும் ஓடி, ஐந்து வினாடி பிந்தியவர் முடிக்காதவர். இந்தக் கணக்கை ஒரு குழந்தையிடம் விளக்கிப் பாருங்கள். அமெரிக்காவின் சட்டனூகா பந்தயத்தில் பல ஆண்டுகள் சைக்கிள் தூரமே 116 மைல், அதாவது ஏறக்குறைய 187 கிலோமீட்டர். ஓரிடத்தில் ஆற்றோட்டத்தோடு நீந்துகிறோம், இன்னோரிடத்தில் அலையை எதிர்த்து நீந்துகிறோம். ஓரிடத்தில் கெடு 17 மணி நேரம், இன்னோரிடத்தில் 16, ஜெர்மனியின் ரோத்தில் 15. அதே உடம்பு, அதே உழைப்பு, அதே 16 மணி 20 நிமிடம் ஓர் ஊரில் ஒருவரை முடித்தவர் ஆக்குகிறது, அடுத்த ஊரில் இல்லாதவர் ஆக்குகிறது. சாலையை எத்தனை மணி வரை மூடி வைக்க அந்த ஊர் சம்மதித்தது என்பதை வைத்து ஒரு மனிதரின் நாளை அளப்பது எனக்கு ஒப்பவில்லை. சாலையைத் திறக்க வேண்டிய நேரம் சாலையைத் திறப்பதற்கு மட்டும் பயன்படட்டும்.

'தராதரம் போய்விடும்' என்பார்கள். 16 மணி 59 நிமிடத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு என்ன மரியாதை என்பார்கள். அவருடைய 16:59 அவர் பெயருக்கு நேராக அப்படியே இருக்கும். கன்னியாஸ்திரியான சகோதரி மடோனா பியூடர் 2012இல் கனடாவில் 82 வயதில் 16 மணி 32 நிமிடத்தில் முடித்தார். அந்த நேரத்தின் அருமை, அவருக்குப் பின்னால் வந்தவர்களை அழிப்பதால் வந்ததா? தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் 12 மணி நேரம் முடிந்ததும், ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கி வெடித்துக் கதவை அடைத்துவிடுகிறார்களே என்றும் சிலர் உதாரணம் சொல்கிறார்கள். அது அந்த ஓட்டத்தின் மரபு, அதை விரும்பித்தான் அங்கே போகிறார்கள். நம் மரபு காலின்ஸிடமிருந்து வந்தது.

தராதரம் பற்றிக் கவலைப்படுகிறவர்களோடு நானும் ஒருவன்தான். அதனால் சொல்கிறேன்: கண்டிப்பைக் காட்ட வேண்டிய இடம் வேறு. ஒரு சுற்றை விட்டுவிட்டு வந்தவர் 11 மணி நேரத்தில் வந்தாலும் முடித்தவர் இல்லை. சைக்கிளில் குறைந்தது 12 மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது விதி. அந்த இடைவெளியைக் காற்றில் பறக்கவிட்டு, எதிர்க்காற்று படாமல் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கூட்டமாகப் போகிறவர்களைப் பந்தயத்துக்குப் பந்தயம் எல்லோரும் பார்க்கிறோம். மோட்டார் சைக்கிளில் வரும் நடுவரின் சத்தம் கேட்டதும் விலகுவார்கள், போனதும் சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் பந்தயம் தரும் சட்டையைப் போட்டுக்கொண்டு, பதக்கத்தைக் கடித்துப் படம் எடுத்துக்கொண்டு, முடித்தவர்களாக வீடு திரும்புகிறார்கள். தனியாக, காற்றை நெஞ்சில் வாங்கி 180 கிலோமீட்டரையும் நேர்மையாக மிதித்து, அதனாலேயே கால் ஓய்ந்து, நான்கு நிமிடம் பிந்தி வந்தவருக்கு ஒன்றும் இல்லை. மரியாதையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் கூடுதல் நடுவர்களைச் சைக்கிள் பாதையில் நிறுத்துங்கள்.

துணையோடு முடிப்பவர்களைப் பற்றியும் அவ்வப்போது முணுமுணுப்பு எழுகிறது. 2020 நவம்பர் 7 அன்று ஃபுளோரிடாவில் 21 வயது கிறிஸ் நிகிக் 16 மணி 46 நிமிடம் 9 வினாடியில் முடித்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் இந்தத் தூரத்தை முடித்த முதல் மனிதர். வழிகாட்டி ஒருவர் கூடவே வந்தார். வந்தால் என்ன? நீந்தியது நிகிக்கின் கை, மிதித்ததும் ஓடியதும் நிகிக்கின் கால். வழிகாட்டி என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று நீங்களே விதி வகுத்திருக்கிறீர்கள், அதற்குள் அவர் முடித்தார். 1997இல் கோனாவில் சக்கர நாற்காலி வீரர்களில் முதலாவதாகக் கெடுவுக்குள் முடித்த ஜான் மெக்லீனும் மற்றவர்களுக்கு இருந்த அதே கெடுவோடு மோதித்தான் வந்தார்.

ஹாய்ட் தந்தை மகன் கதை கொஞ்சம் வேறு, அதில் யோசிக்க இடம் இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள மகன் ரிக்கைப் படகில் வைத்து இழுத்து நீந்தி, சைக்கிளின் முன்னிருக்கையில் வைத்து மிதித்து, நாற்காலியில் வைத்துத் தள்ளி ஓடினார் தந்தை டிக். 1989இல் கோனாவில் இருவரும் முடித்தார்கள். முடித்தவர் யார் என்று பிரிக்கப் போனால் இருவருக்குமே அநியாயம் செய்வோம். ரிக் இல்லாமல் டிக் அந்தக் கோட்டுக்கு வந்திருக்கவே மாட்டார். அணி என்று எழுதி இரண்டு பெயரையும் போடுவதே சரி என்பது என் எண்ணம். எப்படி முடித்தார்கள் என்பதைப் பக்கத்தில் சொல்லிவிட்டால் யாரையும் ஏமாற்றியதாகாது.

நான் கேட்பதற்கும் இதுவே அடிப்படை. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நீச்சல் ரத்தானதா, அந்த ஆண்டின் பட்டியலில் எல்லோருக்கும் பொதுவாக அதைக் குறியுங்கள். கெடுவுக்குப் பின் வந்தாரா, அதற்கென்று ஒரு குறி வையுங்கள். இது புதிதும் இல்லை. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வழியில் விட்டுவிட்டவருக்கு ஒரு குறி, கட்டத்தை முழுதாக முடித்தும் நேரக் கெடுவைத் தாண்டி வந்தவருக்கு வேறொரு குறி. அவர் மறுநாள் புறப்பட முடியாது. ஆனால் வரவே இல்லை என்று யாரும் எழுதுவதில்லை. அவ்வளவு கடுமையான பந்தயத்தால் முடிந்தது நம்மால் முடியாதா?

பரிசு, வயதுப் பிரிவுத் தரவரிசை, உலகப் போட்டிக்கான இடம், பன்னிரண்டு முறை முடித்தவர்களுக்கு அதே போட்டியில் தரும் வாய்ப்பு, இவையெல்லாம் கெடுவுக்குள் வந்தவர்களுக்கே இருக்கட்டும். அதில் ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை. வேண்டியது ஒரே ஒரு விரிப்பு, பேட்டரியில் ஓடும் ஒரு கருவி, அருகில் ஓர் ஆள். பாதையில் இன்னும் யார் இருக்கிறார் என்பது உங்கள் கணினிக்கே தெரியும். கடைசியாக நாற்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியவர் வந்து சேரும்வரை அந்த விரிப்பைச் சுருட்டாதீர்கள். விளக்கும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம், சாலையையும் திறந்துவிடுங்கள், அவர் நடைபாதையில் வருவார். பதக்கத்துக்கும் பஞ்சமில்லை, பதிவுசெய்துவிட்டுப் புறப்படாமலே போனவர்களுக்காகச் செய்தவை பெட்டி பெட்டியாக மிஞ்சுவதை அடுக்கி வைக்கிற எங்களுக்குத் தெரியும்.

அடுத்த பருவத்துக்கான விதிப்புத்தகத்தை இறுதி செய்வதற்கு முன் இதை உங்கள் கூட்டத்தில் பேசுங்கள். மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் சொல்லுங்கள். கோட்டருகே நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். ஏற்பதென்றால், கடைசி விரிப்பின் அருகே நிற்க ஆள் தேட வேண்டாம். நான் நிற்கிறேன். என்னோடு நிற்க இன்னும் பலர் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
முடிவுக்கோட்டுத் தன்னார்வலர் ஒருவர்